டாக்கர் டெஸ்க்டாப், கம்போஸ் வாட்ச்: 8 ஜிபி லேப்டாப்பில் வைத்துப் பார்த்தால்

லைவ் ரீலோடு ஒன்றுக்காகவே டாக்கர் டெஸ்க்டாப்பை நிறுவ நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடலாம். கோப்பைச் சேமித்ததும் பிரவுசர் தானாக மாறும் வசதியை வீட் என்ற கருவி டாக்கர் இல்லாமலேயே தருகிறது, அதுவும் வேகமாக. டாக்கரின் கன்டெய்னருக்குள், அதாவது நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாக அடைத்து ஓட்டும் தனிப்பெட்டிக்குள் கொண்டுபோனால் முதலில் கெடுவதே அந்த வசதிதான். கெட்டதைச் சரிசெய்துதான் திரும்பப் பெறவேண்டும். அப்படியிருந்தும், சுங்கை சிப்புட் போன்ற ஊரில் இணையத்தளம் செய்து பிழைக்கும் இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவுக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். அதற்குக் காரணம் வேறு.

ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பட்டணத்தில் எந்த மாதிரி வேலை வரும் என்பது தெரிந்ததுதான்: கேட்டரிங் ஆர்டர் எடுக்கும் பக்கம், கோயில் திருவிழா உபயப் பதிவு, தமிழ்ப்பள்ளி நன்கொடைக் கணக்கு. செய்பவர்களில் ஒருவர் கடைவீட்டு மாடியில், ஒருவர் ஈப்போவில், இன்னொருவர் வார இறுதியில் தோட்டத்து வீட்டிலிருந்து கைப்பேசி டேட்டாவில். ஆளுக்கொரு நோட் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் கருவி) பதிப்பு, ஆளுக்கொரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். தளம் கடைசியில் போய் உட்காருவதோ ஒரு லினக்ஸ் சர்வரில். "என் கணினியில் ஓடுகிறதே" என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது. டாக்கர் தீர்த்துவைப்பது இதை. நோட் பதிப்பும் தரவுத்தளப் பதிப்பும் ஒரு கோப்பில் எழுதப்பட்டு எல்லாக் கணினியிலும் ஒன்றாகவே ஓடும். ஒருமுறை இறக்கிய இமேஜை, அதாவது கன்டெய்னரை உருவாக்கும் அச்சைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடலாம் என்பது லைன் மெதுவான இடத்தில் இருப்பவருக்கு இன்னும் பெரிய லாபம்.

முதலில் கணினி. 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் டாக்கர் டெஸ்க்டாப்பை ஏற்றவே வேண்டாம். 8 ஜிபி போதும், கட்டுப்படுத்தி வைத்தால். 16 ஜிபி இருந்தால் கீழே நினைவகம் பற்றிச் சொல்வதைத் தாண்டிப் போகலாம். எஸ்எஸ்டி கட்டாயம். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வசதி) அணைந்திருந்தால் நிறுவல் முடிந்தும் டாக்கர் கிளம்பாது. கைமாறி வந்த ஆஃபீஸ் லேப்டாப்புகளில் இது அணைந்தே இருப்பது சாதாரணம். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு என்று போனால் விர்ச்சுவலைசேஷன் எனேபிள்டா டிசேபிள்டா என்று கீழே எழுதியிருக்கும். நிறுவியை இறக்குவதற்கு முன் அதைப் பாருங்கள், ஏனென்றால் நிறுவி மட்டுமே அரை ஜிபிக்கு மேல். டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) உபுண்டு, நோட் இமேஜ், போஸ்ட்கிரெஸ் இமேஜ், என்பிஎம் பொதிகள் எல்லாம் சேர்த்தால் முதல் நாளில் 1.5 முதல் 2 ஜிபி போகும். இதை யூனிஃபை பிராட்பேண்ட் உள்ள இடத்தில் முடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவது நல்லது.

அடிப்படை இமேஜாக ‘நோட்:22-புக்வோர்ம்-ஸ்லிம்’ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லிம் என்ற சொல் இல்லாத முழு இமேஜ் விரிந்தால் 1 ஜிபியைத் தாண்டும். ஸ்லிம் அதில் கால்வாசிக்குள் அடங்கும். அல்பைன் இன்னும் சின்னதுதான். ஆனால் அதில் இருக்கும் சி மொழி நூலகம் ஜிலிப்சி அல்ல, மசல். படம் சுருக்கும் பொதிபோல சி மொழியில் தொகுத்த பாகங்கள் உள்ள என்பிஎம் பொதிகள் அங்கே அவ்வப்போது முரண்டு பிடிக்கும். மிச்சமாகும் சில பத்து எம்பிக்காக அந்தத் தலைவலி வேண்டாம்.

இமேஜ் செய்யும் படிகளை எழுதும் டாக்கர்ஃபைலில் வரிசை முக்கியம். வேலைக் கோப்புறை (வொர்க்டிர்) ‘/ஆப்’. முதலில் பேக்கேஜ்.ஜேசனையும் பேக்கேஜ்-லாக்.ஜேசனையும் மட்டும் காப்பி செய்து, ‘என்பிஎம் சிஐ’ ஓட்டி, அதன் பிறகே மற்ற மூலக் கோப்புகளைக் காப்பி செய்யவேண்டும். தலைகீழாகச் செய்தால் ஒரு சிஎஸ்எஸ் வரி மாறினாலும் அடுத்த பில்டில் எல்லாப் பொதிகளும் மறுபடி இறங்கும். ‘ரன்’ வரியில் கேஷ் வகை மவுண்ட் ஒன்றை ‘/ரூட்/.என்பிஎம்’ மேல் வைத்தால், லாக் கோப்பு மாறினாலும் புதிய பொதி மட்டுமே இணையத்திலிருந்து வரும். மற்றவை கேஷிலிருந்து எடுக்கப்படும். டேட்டா அளந்து வாங்குபவருக்கு இந்த ஒரு வரியே காசு. .டாக்கர்இக்னோரில் நோட்_மாட்யூல்ஸ், .கிட், .என்வி மூன்றும் இருக்கட்டும். விண்டோஸில் நிறுவிய நோட்_மாட்யூல்ஸ் தப்பித்தவறி லினக்ஸ் இமேஜுக்குள் போய்விட்டால் ‘இன்வேலிட் ஈஎல்எஃப் ஹெடர்’ என்ற பிழை வரும். அந்தப் பிழைக்கு வேறு காரணம் தேடவேண்டாம்.

இனி லைவ் ரீலோடு ஏன் கெடுகிறது என்பதற்கு வருவோம். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை பைண்ட் மவுண்டைத்தான் சொல்லித்தரும்: கணினியில் உள்ள கோப்புறையை அப்படியே கன்டெய்னருக்குள் மாட்டிவிடுவது. லினக்ஸ் கணினியில் இது அருமையாக ஓடும். விண்டோஸில் திட்டம் சி டிரைவில், டாக்குமென்ட்ஸ் கோப்புறைக்குள் இருக்கும். கன்டெய்னரோ டபிள்யூஎஸ்எல் 2க்குள் இருக்கும் லினக்ஸில் ஓடும். இரண்டுக்கும் நடுவில் 9பி என்ற நெறிமுறை. கோப்பின் உள்ளடக்கம் அதைக் கடந்து போகும். "இந்தக் கோப்பு மாறிவிட்டது" என்ற ஐநோட்டிஃபை அறிவிப்பு கடக்காது. வீட் அந்த அறிவிப்புக்காகவே காத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் பக்கத்தைக் கையால் ரிஃப்ரெஷ் செய்தால் புது எழுத்து தெரிகிறது, தானாக மட்டும் மாறமாட்டேன் என்கிறது. உள்ளமைவில் தப்புத் தேடி நேரத்தைக் கரைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பலர் காட்டும் மருந்து போலிங். வீட் அமைப்பில் ‘யூஸ்போலிங்: ட்ரூ’, நெக்ஸ்ட்ஜேஎஸ்ஸுக்கு ‘வாட்ச்பேக்_போலிங்’, வெப்பேக்குக்கு ‘போல்: 1000’. அறிவிப்புக்குக் காத்திராமல், குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு கோப்பையும் எட்டிப் பார்க்கும் முறை இது. ஓடும். கூடவே விசிறியும் ஓடும். ஏர்கோன் இல்லாத கடைவீட்டு மாடியில் மத்தியான நேரத்தில் 8 ஜிபி லேப்டாப் போலிங்கில் எவ்வளவு சூடாகும் என்று சொல்லவேண்டியதில்லை. வேறு வழியே இல்லாதபோது மட்டும் கையில் எடுக்கவேண்டிய மருந்து.

சரியான வழிகள் இரண்டு. திட்டத்தைச் சி டிரைவிலிருந்து எடுத்து உபுண்டுவின் ஹோம் கோப்புறைக்குள் வைப்பது முதல் வழி. விஎஸ் கோடில் டபிள்யூஎஸ்எல் எக்ஸ்டென்ஷன் போட்டு, உபுண்டு டெர்மினலில் ‘கோட் .’ என்று அடித்தால் அங்கேயே திறக்கும். அறிவிப்பு கடக்கவேண்டிய எல்லையே இல்லை. பைண்ட் மவுண்டும் வேகமாக இருக்கும். இன்னொரு நன்மை, ஒன்டிரைவ் அந்தக் கோப்புறையைத் தொடாது. டாக்குமென்ட்ஸை ஒன்டிரைவோடு இணைத்து வைத்திருக்கும் லேப்டாப்பில் நோட்_மாட்யூல்ஸின் பல்லாயிரம் கோப்புகளும் மேகத்துக்கு ஏற ஆரம்பித்தால் மாதக் கோட்டா என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழிதான் இந்தக் கருவியில் பாராட்டவேண்டியது: கம்போஸ் வாட்ச். கம்போஸ் என்பது பல கன்டெய்னர்களை ஒரே கோப்பிலிருந்து ஓட்டும் டாக்கர் கருவி, வாட்ச் அதன் ஒரு வசதி. 2023இல் கம்போஸ் 2.22 பதிப்போடு முழு வசதியாக வந்தது. இது கோப்புறையை மாட்டுவதில்லை. கணினிப் பக்கத்தில் இருந்தபடியே கோப்புகளைக் கவனித்து, மாறியதை மட்டும் கன்டெய்னருக்குள் நகல் எடுத்துப் போடுகிறது. உள்ளே எழுதப்படுவது அசல் லினக்ஸ் கோப்பு என்பதால் வீட் கருவிக்கு அறிவிப்பு ஒழுங்காகப் போகிறது, போலிங் தேவையில்லை. திட்டம் சி டிரைவில் இருந்தாலும் இது வேலை செய்யும், ஒரு நிபந்தனையோடு: கோப்பு எந்தப் பக்கமோ கட்டளையும் அந்தப் பக்கத்திலிருந்தே போகவேண்டும். சி டிரைவில் திட்டத்தை வைத்துக்கொண்டு உபுண்டு டெர்மினலில் ‘/எம்என்டி/சி’ வழியாகப் போய் வாட்ச் ஓட்டினால் பழைய கதைதான். பவர்ஷெல்லில் ஓட்டினால் சரியாகும்.

கம்போஸ்.யாமலில் ‘வெப்’ சேவைக்குக் கீழே ‘டெவலப்’, அதற்குள் ‘வாட்ச்’. அங்கே மூன்று நான்கு விதிகள் போதும். ‘./எஸ்ஆர்சி’ மாறினால் ஆக்‌ஷன் ‘சிங்க்’, டார்கெட் ‘/ஆப்/எஸ்ஆர்சி’. ‘./பப்ளிக்’ கோப்புறைக்கும் இன்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல்லுக்கும் அதே மாதிரி. பேக்கேஜ்-லாக்.ஜேசன் மாறினால் ‘ரீபில்ட்’. நோட் சர்வரின் அமைப்புக் கோப்போ என்ஜின்எக்ஸ் கோப்போ இருந்தால் ‘சிங்க்+ரீஸ்டார்ட்’, இது 2.23 முதலே உண்டு. பாதையில் நட்சத்திரக் குறி போட்டு எழுதினால் ஏற்காது, கோப்புறையின் பெயரையே தரவேண்டும். சேவைக்கு ‘பில்ட்’ வரி இருக்கவேண்டும். ‘இமேஜ்’ மட்டும் உள்ள சேவையில் வாட்ச் ஓடாது. பழைய பாடத்திலிருந்து வந்த பைண்ட் மவுண்ட் வரி ‘வால்யூம்ஸ்’ பகுதியில் மிச்சம் இருந்தால், அந்தப் பாதையைக் கண்காணிக்கமாட்டேன் என்று ஓர் எச்சரிக்கை வரி ஓடிப்போகும், பலர் கவனிப்பதில்லை. இரண்டில் ஒன்றை வையுங்கள்.

ஓட்டும் கட்டளை ‘டாக்கர் கம்போஸ் அப் --பில்ட் --வாட்ச்’. ‘--பில்ட்’ ஏன் என்றால், வாட்ச் நின்றிருந்த நேரத்தில் கிட்டிலிருந்து இழுத்த மாற்றங்கள் பழைய இமேஜில் இருக்காது. இதை விட்டுவிட்டால் கண்முன் ஒரு நிரல், கன்டெய்னருக்குள் வேறு நிரல். டாக்கர்-கம்போஸ் என்று நடுவில் கோடு போட்ட பழைய கட்டளைக்கு 2023 ஜூலையோடு ஆதரவு முடிந்துவிட்டது. அதைச் சொல்லித்தரும் பாடங்களை ஒதுக்கிவிடலாம். கோப்பின் தலையில் ‘வெர்ஷன்: 3.8’ எழுதும் பழக்கமும் இனித் தேவையில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் பிரவுசரில் பக்கம் திறக்காமல் இணைப்புப் பிழையே வந்தால், பெரும்பாலும் வீட் கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்டை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ‘--ஹோஸ்ட் 0.0.0.0’ சேர்க்கவேண்டும். போர்ட் இரு பக்கமும் 5173 ஆகவே இருக்கட்டும். எண்ணை மாற்றி வைப்பதில் லாபம் எதுவுமில்லை. ‘ஈஅக்செஸ்’ பிழை வந்தால் உரிமைச் சிக்கல். ‘யூசர் நோட்’ என்று போட்டிருப்பீர்கள், ஆனால் வொர்க்டிர் ரூட்டின் பெயரில் உருவாகியிருக்கும். வீட் தன் கேஷை நோட்_மாட்யூல்ஸுக்குள் எழுதவேண்டும், வாட்சும் கோப்புகளை எழுதவேண்டும், இரண்டும் முடியாது. ‘/ஆப்’ கோப்புறையை முதலிலேயே நோட் பயனருக்கு எழுதிவைத்து, காப்பி வரிகளில் ‘--சௌன்=நோட்:நோட்’ சேருங்கள். அப்படிச் செய்தால் மேலே சொன்ன கேஷ் மவுண்டையும் ‘/ஹோம்/நோட்/.என்பிஎம்’ என்று மாற்றி, யூஐடி (பயனர் எண்) 1000 கொடுக்கவேண்டும்.

வாட்சுக்கு ஒரு குறை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் மதிப்புரை ஆகாது. போக்கு ஒருவழி. கன்டெய்னருக்குள் உருவாகும் எதுவும் வெளியே வராது. ‘டாக்கர் கம்போஸ் எக்ஸெக் வெப் என்பிஎம் இன்ஸ்டால்’ என்று உள்ளே போய் ஒரு பொதியைச் சேர்த்தால் அது ஓடும்; பேக்கேஜ்.ஜேசன் மட்டும் வெளியே மாறாது. அடுத்த ரீபில்டில் அந்தப் பொதி மாயம். மைக்ரேஷன் கோப்புகளுக்கும் இதே கதி. பொதியை வெளியிலிருந்து ‘--பேக்கேஜ்-லாக்-ஒன்லி’ போட்டுச் சேர்க்கவேண்டும். லாக் கோப்பு மாறியதும் வாட்ச் தானே ரீபில்ட் செய்துவிடும். கன்டெய்னருக்குள் கோப்புகளை நிறைய உருவாக்கும் வேலை, ஜாங்கோ, லாராவெல் போன்றவை, உங்களுடையதென்றால் வாட்சை விட்டுவிட்டு உபுண்டு ஹோமில் பைண்ட் மவுண்ட் வைப்பதே நிம்மதி. உபுண்டுவில் முதல் பயனரின் யூஐடி 1000, நோட் இமேஜில் நோட் பயனரின் யூஐடியும் 1000 என்பதால் கோப்புகளின் உரிமையிலும் குழப்பம் வராது.

நினைவகம். டபிள்யூஎஸ்எல் எதுவும் சொல்லாவிட்டால் கணினி ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். 8 ஜிபியில் 4 போனால், குரோமும் விஎஸ் கோடும் மிச்சத்தில் அடித்துக்கொள்ளும். பயனர் கோப்புறையில் ‘.டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக்’ என்ற கோப்பை உருவாக்கி, ‘[டபிள்யூஎஸ்எல்2]’ என்ற தலைப்பின் கீழ் ‘மெமரி=3ஜிபி’, ‘ஸ்வாப்=2ஜிபி’ எழுதி, ‘டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்’ கொடுத்து டாக்கரை மறுபடி கிளப்புங்கள். நோட்பேட் பின்னால் .டிஎக்ஸ்டி ஒட்டிவிட்டால் இது வேலை செய்யாது. வீட் கருவியும் போஸ்ட்கிரெஸும் 3 ஜிபிக்குள் சுகமாக இருக்கும். ஒரு கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு செத்துக் கிடந்தால் பெரும்பாலும் ரேம் போதவில்லை என்றே பொருள்.

தரவுத்தளத்தில் கவனிக்கவேண்டியது சில. கன்டெய்னரின் கடிகாரம் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடும். மலேசிய நேரம் அதைவிட 8 மணி முன்னால். காலை 7 மணிக்கு வந்த இடியப்ப ஆர்டர் முந்தின நாள் இரவு 11 மணிக்கு வந்ததாகப் பதிவாகி, தேதிவாரியாக எடுக்கும் பட்டியல் தப்பாகும். ‘டிஇசட்=ஏசியா/கோலா_லம்பூர்’ என்ற சூழல் மாறியை இரண்டு சேவைகளுக்கும் கொடுங்கள். நேரத்தைச் சேமிக்கும் பத்திக்கு நேர மண்டலத்தோடு கூடிய வகையையே தேர்ந்தெடுங்கள். போஸ்ட்கிரெஸ் தயாராகும் முன்பே வெப் கிளம்பி விழாமல் இருக்க ‘டிபெண்ட்ஸ்_ஆன்’ மட்டும் போதாது. ‘பிஜி_இஸ்ரெடி’ கொண்டு ஹெல்த்செக் எழுதி, ‘சர்வீஸ்_ஹெல்தி’ நிபந்தனையும் வைக்கவேண்டும். போர்ட்டை வெறும் ‘5432:5432’ என்று திறக்காதீர்கள். அதே வைஃபையில் இருக்கும் எவரும் தட்டிப் பார்க்கலாம். முன்னால் 127.0.0.1 சேருங்கள்.

தரவைப் பிரதி எடுப்பதில் தமிழ் எழுதுபவர்களுக்கென்றே ஒரு குழி இருக்கிறது. விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1இல் ‘பிஜி_டம்ப்’ வெளியீட்டை ‘>’ குறி போட்டுக் கோப்பில் சேமித்தால், அது யூடிஎஃப்-16 ஆக எழுதப்படும், நடுவில் தமிழ் எழுத்துகள் குழம்பிய குறிகளாகும். கோப்பு இருக்கும், காலியாகவும் இருக்காது. திருப்பி ஏற்றும்போதுதான் உபயக்காரர் பெயர்கள் எல்லாம் போனது தெரியும். இந்தக் கட்டளையை உபுண்டு டெர்மினலிலேயே ஓட்டுங்கள், ‘எக்ஸெக்’ உடன் ‘-டி’ (ஆங்கிலத்தில் பெரிய எழுத்து T) என்ற கொடியும் சேர்த்து. சாயங்கால இடிமழையில் கரண்ட் போகும் ஊர் இது. பேட்டரி செத்த லேப்டாப்பை வயரில் ஓட்டுபவர் இந்தப் பிரதியைத் தினமும் எடுக்கட்டும். ‘டாக்கர் கம்போஸ் டவுன் -வி’ கொடுத்தால் தரவு வால்யூமும் சேர்ந்தே அழியும். ‘-வி’ இல்லாமல் கொடுத்தால் அழியாது.

வாடிக்கையாளரிடம் காட்டும்போது இந்த அமைப்பு ஜொலிக்கிறது. கேட்டரிங் அக்காவின் ஹேண்ட்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதில் லேப்டாப்பை இணைத்து, லேப்டாப்பின் ஐபி எண்ணோடு 5173 போர்ட்டை அதே ஹேண்ட்போனில் திறந்தால், விலையை 6 வெள்ளி 50 காசுக்கு மாற்றிச் சேமித்த உடனே அவர் கையில் மாறும். திறக்காவிட்டால் விண்டோஸ் ஃபயர்வாலில் அந்த இணைப்பைப் பிரைவேட் என்று குறியுங்கள். பக்கம் ஓடுவது இரு கருவிகளுக்கு இடையில் மட்டுமே என்பதால், டேட்டா கிட்டத்தட்ட செலவே ஆகாது. வெளியிலிருந்து எழுத்துருவோ படமோ இழுக்காத பக்கமாக இருந்தால்.

பென்டிரைவ் வழி: ‘டாக்கர் சேவ் -ஓ அடிப்படை.டார்’ என்று எழுதி இரண்டு இமேஜ் பெயர்களையும் கொடுக்கவேண்டும். மறுகணினியில் ‘டாக்கர் லோட் -ஐ’. பென்டிரைவ் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது, எக்ஸ்ஃபேட் ஆக்கிக்கொள்ளுங்கள். ஆப்பிள் எம் வகைச் சில்லு உள்ள மேக்கில் இறக்கியதை விண்டோஸில் ஏற்றினால் மெதுவாக ஓடலாம், அல்லது ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ வரலாம். இறக்கும்போதே ‘--பிளாட்ஃபார்ம் லினக்ஸ்/ஏஎம்டி64’ கேட்கவேண்டும். என்பிஎம் கேஷ் இந்தக் கோப்பில் வராது. அதனால் வெறும் அடிப்படை இமேஜைவிட, பொதிகள் நிறுவி முடித்த திட்ட இமேஜையே கொடுப்பது நல்லது.

வட்டு நிறையும். பழைய பில்டுகள் மாதக்கணக்கில் தங்கும். ‘டாக்கர் சிஸ்டம் டிஎஃப்’ எது எவ்வளவு என்று காட்டும், ‘டாக்கர் பில்டர் ப்ரூன்’ கேஷைத் துடைக்கும். துடைத்த பிறகு அடுத்த பில்டுக்கு எல்லாப் பொதிகளும் மறுபடி இறங்கும் என்பதால் நல்ல லைன் உள்ள நாளில் செய்யவும். துடைத்தும் சி டிரைவில் இடம் கூடவில்லையே என்று திகைக்கவேண்டாம்: டபிள்யூஎஸ்எல்லின் மெய்நிகர் வட்டான விஹெச்டிஎக்ஸ் கோப்பு வளரும், எல்லா அமைப்பிலும் தானாகச் சுருங்காது. ‘டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்’ கொடுத்துவிட்டு, டிஸ்க்பார்ட்டில் அந்தக் கோப்பைத் தேர்ந்து ‘கம்பாக்ட் விடிஸ்க்’ ஓட்டினால் இடம் திரும்பும்.

விலை: 250 பேருக்குக் குறைவான ஊழியர்களும், ஆண்டு வருமானம் 1 கோடி அமெரிக்க டாலருக்குக் குறைவாகவும் உள்ள நிறுவனத்துக்கு இலவசம். இரண்டும் பொருந்தவேண்டும். தனி உபயோகத்துக்கும் கல்விக்கும் இலவசம். அரசு அலுவலகத்துக்கும் பெரிய தோட்ட நிறுவனத்துக்கும் கட்டணம் உண்டு. டாக்கர் ஹப்பில் கணக்கு இல்லாமல் இறக்கினால் ஐபி முகவரிக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு இருக்கிறது. ஒரே வைஃபையில் பத்துப் பேர் உட்காரும் பயிற்சி வகுப்பில் இது இடிக்கும், ஆளுக்கொரு இலவசக் கணக்குத் திறந்து உள்நுழைந்துகொள்ளுங்கள். திரையில் ஜன்னல்களும் பொத்தான்களும் தேவைப்படாதவர்கள் டெஸ்க்டாப்பையே விட்டுவிட்டு, டபிள்யூஎஸ்எல் உபுண்டுவுக்குள் டாக்கர் எஞ்சினையும் கம்போஸ் பிளகினையும் நேரடியாக நிறுவலாம். அதற்கு ஊழியர் கணக்கு, வருமானக் கணக்கு எதுவும் கிடையாது, ரேமும் குறைவாகத் தின்னும். வாட்ச் அங்கேயும் ஓடும், திட்டம் உபுண்டு ஹோமில் இருக்கும்வரை.